ஓர் ஆளை மூடும் அளவுக்கு

ராகேலின் வலது கை வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்தது. இடது கை சொர்ணம்மாளின் போர்வையைத் தோள்வரை மட்டும் விலக்கியது. கையைத் துடைத்தாள். அக்குளைத் துடைத்தாள். உலர்ந்த துண்டால் ஒற்றிவிட்டுப் போர்வையை இழுத்து மூடினாள். அதன் பிறகே அடுத்த கைக்குப் போனாள்.

படுக்கையில் கிடப்பவரைத் துடைக்கும்போது துடைக்கிற இடம் மட்டும் திறந்திருக்க வேண்டும், மற்றதெல்லாம் மூடியிருக்க வேண்டும். நோயாளிக்கு நினைவு இல்லாவிட்டாலும் அப்படித்தான். உயிரே இல்லாவிட்டாலும் அப்படித்தான். நான் மருத்துவமனைகளில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது எங்கள் ஊரான கருங்கல்லில், வீடுகளுக்குப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களுக்குப் பயிற்சி தருகிறேன். அவர்களில் பாதிப் பேர் அவசரத்தில் இந்த விதியை மறந்து, நோயாளியை உரித்த கோழிபோல் போட்டுவிடுவார்கள். ராகேல் ஒருநாளும் மறந்ததில்லை. அவள் ஏன் மறக்கமாட்டாள் என்பதைத்தான் எழுதுகிறேன்.

சொர்ணம்மாளுக்குப் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நாக்கு விழவில்லை.

“ஏட்டி, தண்ணி ஆறிப்போச்சு. நான் என்ன செத்த மீனா, பச்சத்தண்ணியில அலசுததுக்கு?”

“மீனுன்னா இவ்வளவு பறையாது. அந்தப் பக்கம் திரும்புங்க அம்மா.”

வாய் பதில் சொன்னதே தவிர, ராகேலின் மனம் அங்கே இல்லை. அந்த வாரம்தான் எங்கள் ஜங்ஷனில், பேருந்து நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே, ஒரு பெரிய பிளெக்ஸ் வந்திருந்தது. ‘போர்முனையில் கேமரா ஏந்திய மண்ணின் மைந்தனே, மாநில அரசின் விருது பெற வருக வருக’ என்று மேலே எழுத்து. நடுவில் உலகம் முழுக்கச் சுற்றிவந்த ஒரு படம். மருத்துவமனை நடையில் ஒரு ஸ்ட்ரெச்சர். அதில் உடம்பில் ஒரு நூலும் இல்லாமல் இறந்து கிடக்கும் ஒரு மனிதன். அவன் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். படத்துக்குக் கீழே, ‘மூட ஒரு துணியும் இல்லாத போரை உலகுக்குக் காட்டியவர்.’

அந்தப் பெண் ராகேல். இறந்து கிடப்பது அவள் கணவன் நேசையன்.

படத்தை அப்படியே வைத்தால் ஊர் பேசும் என்று பிளெக்ஸ் அடித்த கிருஷ்ணமணிக்குத் தோன்றியிருக்கிறது. அவன்தான் உள்ளூர் விழாக் குழுவின் செயலாளரும். ஒரு யோசனை செய்தான். விருது வாங்கப்போகும் புகைப்படக்காரன் பெனிஷின் சிரித்த முகத்தை வட்டமாக வெட்டி, நேசையனின் இடுப்புக்குக் கீழே ஒட்டிவிட்டான்.

ராகேல் அதை நிமிர்ந்து பார்த்தாள். “அவனுக்குத் தகுந்த இடந்தான்,” என்றாள். அவள் மகள் ஜாஸ்மி மார்த்தாண்டத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறாள். பிளெக்ஸ் வந்த நாள்முதல் அவள் ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி, ரப்பர் தோட்டத்துக் குறுக்குவழியில் நடந்து வீட்டுக்கு வந்தாள்.

ராகேல் துடைப்பதைப் பார்த்தபடி நான் அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் கிருஷ்ணமணியின் ஸ்கூட்டர் சொர்ணம்மாள் வீட்டு முற்றத்தில் வந்து நின்றது. பின்னாலிருந்து இறங்கியவனைப் பிளெக்ஸைப் பார்த்ததால் எனக்கு அடையாளம் தெரிந்தது. நரை கலந்த தாடி, கழுத்தில் கேமரா. தக்கலைக்காரன், பல வருடமாக டெல்லிவாசி. நான் எழுந்து தடுப்பதற்குள் இரண்டு பேரும் அறை வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

“ராகேல் அக்காதானே? என்னைத் தெரியுதா? பெனிஷ்.”

ராகேல் திரும்பவில்லை. சொர்ணம்மாளின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சன்னல் வெளிச்சம் அந்த முதுகின் சுருக்கங்களில் விழுந்துகொண்டிருந்தது. பெனிஷ் அதைப் பார்த்தான். அவன் கை தானாகக் கேமராவுக்குப் போயிற்று.

“என்ன வெளிச்சம்! ஒரு நிமிஷம் அக்கா. அப்படியே இரிங்க.”

ராகேலின் கை நின்றது. அந்த வார்த்தைகளை அவள் அதற்கு முன்பு ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். போர்வையை இழுத்துக் கிழவியைக் கழுத்துவரை மூடினாள்.

“எவன்டே அது?” என்றார் சொர்ணம்மாள், சுவரைப் பார்த்தபடியே. “எனக்க முதுவைப் படம் பிடிச்சு எந்த நாட்டுல கொண்டு விக்கப்போறான்? வெளிய போவச் சொல்லு. இல்லேன்னா இந்தத் தண்ணி அவன் மூஞ்சியில.”

நான் இருவரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். ராகேல் மறுபடி துணியைப் பிழிந்தாள். கால், பாதம், விரலிடுக்கு, பவுடர், சுத்தமான விரிப்பு என்று ஒன்றையும் விடாமல், வழக்கத்தைவிட மெதுவாகவே செய்தாள். அவர்கள் வெயிலில் நிற்கட்டும் என்றுதான்.

அவர்கள் நிற்கும் நேரத்துக்குள், முன்பு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நேசையன் ஏமன் நாட்டில் ஏடன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். ராகேலும் அங்கேயே நர்ஸுகளுக்கு உதவியாக வேலைக்குச் சேர்ந்தாள். ஜாஸ்மி இங்கே பெரியம்மா வீட்டில் இருந்து படித்தாள். நேசையன் ரொம்ப நாணக்காரர். ஞாயிறு ஆராதனைக்குக் கோவிலுக்குப் போனால் சட்டையின் கழுத்துப் பித்தான்வரை போடுவார். மகள் வளர்ந்த பிறகு அவள் முன்னால் துண்டு போர்த்தாமல் குளத்திலிருந்து ஏறியதில்லை. ஊரில் அதற்காக அவரைக் கேலி செய்வார்கள்.

2015இல் அங்கே போர் வந்தது. காயம்பட்டவர்களை ஏற்றப்போன இடத்தில் ஆம்புலன்ஸின் மேல் குண்டு விழுந்தது. கொண்டுவரும்போது நேசையனுக்கு உயிர் இருந்தது. இப்படி வருகிறவர்களின் துணியை நாங்கள் கத்தரியால் வெட்டித்தான் எடுப்போம், காயம் எங்கே என்று தெரிய வேண்டும். அப்படித்தான் வெட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது. மேசை அடுத்த ஆளுக்கு வேண்டும் என்பதால் ஸ்ட்ரெச்சரை நடைக்குத் தள்ளினார்கள். ராகேல் அலமாரியில் மிச்சமிருந்த ஒரு போர்வையை எடுத்துவந்து கணவனைத் தலைமுதல் பாதம்வரை மூடினாள். நீலக் கரை போட்ட வெள்ளைப் போர்வை. மூடிவிட்டு, முகத்தை மட்டும் விலக்கிப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

பத்திரிகைக்காரர் கூட்டம் ஒன்று வந்தது. அதில் ஒருவன் அவள் அருகில் குனிந்து, “அக்கா, நீங்க எந்த ஊரு?” என்று கேட்டான்.

குண்டுச் சத்தத்துக்கு நடுவில், யாரும் தமிழ் பேசாத அந்த இடத்தில், எங்கள் ஊர் ராகத்தோடு ஒரு குரல். கருங்கல் என்றாள். “நான் தக்கலை அக்கா,” என்றான். அவ்வளவுதான். எங்கள் ஊர்க்காரர்கள் செய்யக்கூடிய தவறு இது. துபாயிலோ மஸ்கட்டிலோ பேச்சைக் கேட்டே தக்கலை, குளச்சல் என்று கண்டுபிடித்துவிட்டால் பர்ஸைக்கூடக் கொடுத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போவோம். ராகேலும் அப்படித்தான் நம்பினாள். “மக்கா, ஒரு கை பிடி. அந்தக் கட்டிலுக்கு மாத்தணும்,” என்றாள்.

அவன் குனிந்து போர்வையின் ஓரத்தைப் பிடித்தான். தூக்கத்தான் பிடிக்கிறான் என்று அவள் நினைத்தாள். அவன் போர்வையை இழுத்துத் தரையில் போட்டான். ஓர் அடி பின்னால் போய், “ஒரு நிமிஷம் அக்கா. அப்படியே இரிங்க,” என்றான்.

“நான் அப்படியே இருந்தேன் சிஸ்டர்,” என்று ராகேல் ஒருமுறை என்னிடம் சொன்னாள். அவள் சொன்னது அந்த ஒருமுறைதான்.

நேசையனை அங்கேயே அடக்கம் செய்தார்கள். ராகேல் அங்கிருந்த மற்ற இந்தியர்களோடு கப்பல் ஏறி ஊர் வந்தாள். படம் அவளுக்கு முன்பே வந்துவிட்டது. வெளிநாட்டுப் பரிசுகள் வாங்கியது. போகிற மேடையிலெல்லாம் பெனிஷ் ஒரே வாக்கியத்தைச் சொன்னான். ‘மூட ஒரு துணியும் இல்லாத போர்.’ ஜாஸ்மி பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது யாரோ ஒருத்தி செல்போனை நீட்டி, “ஏட்டி, இது உனக்க அப்பாதானா?” என்று கேட்டிருக்கிறாள். ஜாஸ்மி அன்று வீட்டுக்கு வந்து தாயிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“நீ ஏன் அம்மா மூடல்ல?”

மூடினேன் என்று ராகேல் சொன்னாள். எப்படி நடந்தது என்றும் சொன்னாள். பெண் தலையை ஆட்டினாள். ஆனால் தாய் ஒன்று சொன்னாள், படம் வேறொன்று காட்டியது. பிள்ளை படத்தைத்தான் நம்பியது. அதன் பிறகு தாயும் மகளும் சேர்ந்து சாப்பிடுவார்கள், சேர்ந்து கோவிலுக்குப் போவார்கள், நேசையனைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள்.

கணவன் போனதற்காக ராகேல் யாரையும் பழிக்கவில்லை. குண்டு போட்டவன் யாரென்றே அவளுக்குத் தெரியாது. போர்வையை இழுத்தவனைத் தெரியும். ஜெபக்கூட்டத்தில் பகைவர்களுக்காக ஜெபிக்கச் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவாள். போதகர் ஒருநாள் அவளை நிறுத்திப் புத்தி சொன்னார். “ஆண்டவரு மன்னிக்கட்டும் ஐயா,” என்றாள் ராகேல். “ஆண்டவருக்க மாப்பிள்ளையையா அவன் அவுத்துப் போட்டான்?”

இப்போது அவனே தேடி வந்து வெயிலில் நிற்கிறான்.

ராகேல் கையைத் துடைத்தபடி முற்றத்துக்கு வந்தாள். கிருஷ்ணமணி அழைப்பிதழை நீட்டினான். அந்த ஆண்டு விருதைச் சென்னையில் கொடுக்காமல், வாங்குகிறவரின் மாவட்டத்திலேயே கொடுப்பது என்று ஏற்பாடு. நாகர்கோவிலில் விழா.

“அக்கா, உங்க கையாலதான் எனக்குப் பொன்னாடை போர்த்தணும்,” என்றான் பெனிஷ். “அந்தப் படத்துல இருக்கிற அக்கா கையால. அதுக்கு மேல எனக்கு ஒரு விருதும் வேண்டாம்.”

“பின்ன விருதை வேண்டாம்னு எழுதிக் குடுத்திரு,” என்றேன் நான்.

அவன் சிரித்தான். நான் அதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

“மக்கா,” என்றாள் ராகேல். அவள் குரல் நோயாளிகளிடம் பேசும் குரலாக இருந்தது. “அண்ணைக்கு அவருக்க மேல ஒரு போர்வை கிடந்துது. உனக்கு ஓர்மை உண்டா?”

“போர்வையா? இல்ல அக்கா. நான் வரும்போதே அப்படித்தான் கிடந்தாரு. அந்த ஆஸ்பத்திரியில ஒரு துணி உண்டா? அதைத்தானே நான் எல்லா மேடையிலயும் சொல்லுதேன்.”

பொய் சொல்கிறானா, சொல்லிச் சொல்லித் தானே நம்பிவிட்டானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. எப்படியானாலும் எனக்கு ஒன்றுதான்.

“அந்தப் படத்தைப் பாத்துத்தான் அக்கா உலகம் கண்ணு திறந்தது. கப்பல்ல மருந்து வந்தது.”

“உலகம் கண்ணு திறக்கதுக்கு எனக்க ஆளுக்க துணி அவுரணுமா?”

“படம்னா பேசணும் அக்கா. மூடி வச்சா பேசுமா?”

கிருஷ்ணமணி நடுவில் புகுந்தான். “பழசை விடுங்கக்கா. அரசு விழாவாக்கும். பேப்பர்காரன், டிவிக்காரன் எல்லாவனும் வாறான். நம்ம ஊருக்கு எவ்வளவு பெருமை!”

“ஹால்ல எந்தப் படம் வைப்பிய?” என்று ராகேல் கேட்டாள்.

“அதேதான் அக்கா. வேண்டாத இடத்தை மங்கலாக்கித்தான் வைப்போம். நான் வாக்குத் தாறேன்,” என்றான் பெனிஷ்.

ராகேல் அழைப்பிதழை வாங்கிக்கொண்டாள். “சரி, வாறேன். ஆனா பொன்னாடையை நல்ல அகலமா வாங்குங்க. இப்பம் மேடையில போடுததெல்லாம் குளிச்சுத் துவர்த்துத தோர்த்து மாதிரி இருக்கு.”

“எவ்வளவு அகலம் வேணும்னு சொல்லுங்க. நாளைக்கே எடுத்திருவோம்,” என்றான் கிருஷ்ணமணி, வாயெல்லாம் பல்லாக.

“ஓர் ஆளை மூடுத அளவுக்கு.”

அவர்கள் போன பிறகு, “ஏட்டி, உனக்குக் கிறுக்கா?” என்று நான் கேட்டேன். “இவ்வளவு வருசமா நான் அவனைத் தேடிப் போவல்ல சிஸ்டர். அவனாக் கூப்பிடுதான். போகாம இருந்தா மரியாதை இல்லல்லா,” என்றாள்.

சாயங்காலம் ஜாஸ்மியும் அதையே கேட்டாள். “அம்மா, போகாண்டாம். அவனுக்குப் பொன்னாடை போட்டா நான் இந்த ஊருல இருக்க மாட்டேன்.”

“நீயும் கூட வா.”

“நான் எதுக்கு?”

“நீ எங்கிட்ட ஒண்ணு கேட்டியே, சின்ன வயசுல. அதுக்கு அவன் பதில் சொல்லட்டும்.”

விழாவுக்கு மூன்று பேரும் பேருந்தில் போனோம். மண்டபம் நிறைந்திருந்தது. தோவாளையிலிருந்து வந்த மாலைகளின் வாசனை, ஏசிக் காற்றோடு சேர்ந்து, அடக்கம் நடக்கும் வீடுபோல் இருந்தது. நானும் ஜாஸ்மியும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். ராகேலை மேடை ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மேடையின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு படம், வெள்ளைத் துணி போட்டு மூடி நின்றது.

சென்னையிலிருந்து வந்த அதிகாரி பேசினார். கேமராவும் ஓர் ஆயுதம் என்றார். பிறகு, “கலைஞர் கையாலேயே படத்தைத் திறந்துவைக்கட்டும்,” என்றார்.

படத்திறப்பு என்பது நம் பக்கத்தில் இறந்தவருக்குச் செய்யும் மரியாதை. துணியை விலக்கினால் உள்ளே இருப்பவர் சட்டை போட்டு, தலை வாரி, நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். பெனிஷ் துணியின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் இழுத்தான்.

மங்கலும் இல்லை, மறைப்பும் இல்லை. கூட்டத்தில் ஒரு மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. ஜாஸ்மி என் பக்கத்தில் முகத்தை மடியில் புதைத்துக்கொண்டாள். நான் அவள் பிடரியில் கையை வைத்து அழுத்திப் பிடித்தேன். அந்த நேரத்தில் ஆறுதல் பேசிப் பிரயோஜனம் இல்லை.

“இதுவரை உலகம் பார்த்தது ஓரங்களை வெட்டிய படம்,” என்று பெனிஷ் மைக்கில் பெருமையாகச் சொன்னான். “என் சொந்த மாவட்டத்துக்காக, முழுப் படத்தையும் முதல்முறையாக இங்கேதான் காட்டுகிறேன்.”

அடுத்து பொன்னாடை. கிருஷ்ணமணி சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருந்தான். பட்டுக்கரை போட்ட, கட்டிலை மூடும் அளவுக்கு ஒன்று. ராகேலின் கையில் கொடுத்தார்கள். பெனிஷ் நடுமேடைக்கு வந்து, கைகூப்பி, கண்ணை மூடி, கழுத்தைத் தாழ்த்தினான். கீழே கேமராக்காரர்கள் நெருக்கியடித்து நின்றார்கள்.

ராகேல் பொன்னாடையை ஓர் உதறு உதறினாள், புதுவிரிப்பை உதறுவதுபோல. அவனைக் கடந்து நடந்தாள். அவன் குனிந்தபடியே நின்றான்.

படச் சட்டத்தின் மேல்விளிம்புக்குப் பின்னால் பொன்னாடையைச் செருகி, சுருக்கம் விழாமல் நீவி, கீழே இறக்கினாள். நேசையனின் தோள் மறைந்தது, நெஞ்சு, இடுப்பு, கால் எல்லாம் மறைந்தன. கடைசியில் கீழ்மூலைக்கு வந்ததும் அவள் கை நின்றது. குனிந்து பார்த்தாள். பிறகு பொன்னாடையின் அந்த ஓரத்தை மட்டும் மேலே மடித்துவிட்டாள். படத்தில் ஒரு சாண் இடம் திறந்து கிடந்தது.

அறிவிப்பாளரின் கையிலிருந்து மைக்கை அவள் வாங்கியதை யாரும் தடுக்கவில்லை. என்ன நடக்கிறது என்று யாருக்கும் புரியவில்லை.

“இது எனக்க மாப்பிள்ளை நேசையன். ஆம்புலன்ஸ் டிரைவரு. பெத்த மகளுக்க முன்னால சட்டையில்லாம நிக்காத ஆளு. அவரை மூடியாச்சு. ஒரு இடத்தை மட்டும் திறந்து வச்சிருக்கேன். முன்வரிசையில இருக்கவங்க பாருங்க. தரையில என்ன கிடக்குது?”

முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து கண்ணாடியைச் சரிசெய்தார். “ஒரு போர்வை மாதிரி இருக்கும்மா. நீலக் கரை.”

“எங்க ஆஸ்பத்திரிப் போர்வை. நான் போத்தினது. அதுக்க மேல என்ன நிக்குது?”

“பூட்ஸு!” என்று முன்வரிசைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஒரு பையன் கத்தினான். பெனிஷ் கண்ணைத் திறந்து நிமிர்ந்திருந்தான். குனிந்து படமெடுக்கும்போது தன் கால் நுனியும் உள்ளே வந்துவிட்டதை அவன் இவ்வளவு வருடம் வெட்டி வெட்டி மறைத்து, கடைசியில் மறந்தே போயிருந்தான்.

“அக்கா, இதை நாம அப்புறமா பேசலாம்,” என்றான் தாழ்ந்த குரலில். மைக் அதையும் எல்லாருக்கும் சொன்னது.

“அப்புறம் வேண்டாம். மூட ஒரு துணியும் இல்லன்னு எங்க ஜங்ஷன்ல எழுதி வச்சிருக்கு. துணி உண்டா, இல்லியா?”

“அக்கா...”

“உண்டா, இல்லியா?”

“உண்டு.”

“எடுத்துப் போட்டது யாரு?”

அவன் அதிகாரியைப் பார்த்தான். அதிகாரி தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார். “நான்தான். யுத்தத்துல சில நேரம்...”

“யுத்தத்தை விடு. கேட்டதுக்கு மட்டும் சொல்லு. நான் அவரை மூடினேனா, இல்லியா?”

“மூடினீங்க.”

“சத்தமா.”

“மூடினீங்க அக்கா.”

ராகேல் அவனைப் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். “ஜாஸ்மி, கேட்டியா?”

ஜாஸ்மி முகத்தை நிமிர்த்தினாள். “கேட்டேன் அம்மா,” என்றாள். அவ்வளவு தூரம் அது கேட்டிருக்காது. ஆனால் வாய் அசைந்ததை ராகேல் பார்த்தாள்.

அதற்குள் கேமராக்காரர்கள் மேடையேறிவிட்டார்கள். வெளிச்சம் மாறி மாறி பெனிஷின் முகத்தில் வெட்டியது. அவன் உள்ளங்கையை முகத்துக்கு நேரே நீட்டினான். “எடுக்காதீங்க. ப்ளீஸ். இதை எடுக்காதீங்க.”

“ஒரு நிமிஷம் மக்கா,” என்றாள் ராகேல், மைக்கை விடாமல். “அப்படியே இரு.” பிறகு கேமராக்காரர்கள் பக்கம் திரும்பி, “எடுங்க. படம்னா பேசணும்லா?” என்றாள்.

அவர்கள் எடுத்தார்கள். எப்படிப்பட்ட தொழில் அது என்று அன்றுதான் நானும் பார்த்தேன். தன் இனத்தையே விடவில்லை.

அவமானப்பட்டவர்கள் விருதைத் திருப்பிக் கொடுப்பார்கள் என்று நான் படித்திருக்கிறேன். இவன் கொடுப்பான் என்று நான் எதிர்பார்த்தேன், அதிலாவது கொஞ்சம் மனுசத்தன்மை இருந்திருக்கும். அதிகாரி கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். பெனிஷ் கூரியர் பார்சலை வாங்குவதுபோல் அதை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு பக்கவாசல் வழியாகப் போனான். யாரும் கைதட்டவில்லை.

படத்தை அங்கே விட்டுவர ராகேல் சம்மதிக்கவில்லை. பொன்னாடையோடு சேர்த்துக் கயிறு கட்டி, எங்கள் மூவரையும் ஏற்றி, விழாக் குழுவின் வேனிலேயே கருங்கல்லுக்கு அனுப்பிவைத்தார்கள். நாங்கள் சீக்கிரம் போனால் போதும் என்று அவர்களுக்கு இருந்தது.

“விருதை வாங்கிட்டானே,” என்றேன் வழியில்.

“வாங்கட்டும் சிஸ்டர். வீட்டுல வைக்கட்டும். அதைப் பாக்கும்போதெல்லாம் அவனுக்கு எனக்க மூஞ்சிதான் தெரியும்.” தக்கலை தாண்டும்போது ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னாள், “போன்ல கிடக்க படத்தை என்னால அழிக்க முடியாது. அது எனக்குத் தெரியும்.”

மறுநாள் காலையில், பால் சொசைட்டி திறக்கும் முன்பே, நாங்கள் ஜங்ஷனுக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனோம். நான் ஏணியைப் பிடித்தேன். ராகேல் மேலே ஏறி அரிவாளால் கயிறுகளை அறுத்தாள். கிருஷ்ணமணி ஸ்கூட்டரில் பறந்து வந்தான். கையில் அன்றைய பேப்பர். அதில் பெனிஷ் உள்ளங்கையை நீட்டி முகத்தை மறைத்துக்கொண்டிருந்தான்.

“சிஸ்டர், இது அனுமதி வாங்கி வச்ச போர்டு! இப்படி அறுத்தா எப்படி?”

“அதுல கிடக்க ஆளுகிட்ட அனுமதி வாங்கினியாடே?” என்று கேட்டேன். அவன் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினான். பிறகு, “இந்தப் பக்கக் கயிறை நான் அவுக்கேன். அரிவாளு சட்டத்துல பட்டா உடையும்,” என்று சொல்லி அவனே ஏறினான்.

பிளெக்ஸ் சாலையோரம் விழுந்தது. ஜாஸ்மி பையைத் தோளிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, தாயின் கையிலிருந்த அரிவாளை வாங்கினாள். பெனிஷின் வட்ட முகத்தை மட்டும் நிதானமாக, கோடு பிசகாமல் அறுத்தெடுத்தாள். மிச்சத்தைப் படம் உள்ளே வரும்படி அவளும் தாயும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, விரிப்பு மடிப்பதுபோல் மடித்தார்கள். அது இப்போது ராகேல் வீட்டு அலமாரிக்குப் பின்னால், பொன்னாடை போர்த்திய படத்தோடு நிற்கிறது.

“இதை என்ன செய்ய?” என்று ஜாஸ்மி வட்டத்தைத் தூக்கிக் காட்டினாள்.

“கோழிக்கூடு ஒழுகுதுல்லா.”

ஜாஸ்மி சிரித்தாள். பிளெக்ஸ் வந்த பிறகு முதல்முறையாக, வெறும் சட்டம் மட்டும் நின்ற ஜங்ஷனிலேயே பேருந்து ஏறினாள். ஏறியவள் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, “அம்மா, அப்பா குளத்துல இருந்து துண்டு போத்திக்கிட்டு ஏறுவாருல்லா, அதை ராத்திரி சொல்லணும், கேட்டியா?” என்று கத்திவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து ராகேல் கோழிக்கூட்டின் மேல் அந்த வட்டத்தை ஆணியடித்தாள். முகம் மேலே பார்க்கும்படியாக. ஆணி அடித்து முடிப்பதற்குள் சேவல் அந்த முகத்தின் மேல் ஏறி நின்றுவிட்டது.

சொர்ணம்மாள் வீட்டுக்கு அன்று தாமதமாகத்தான் போனோம். எல்லாக் கதையும் அவருக்கு ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

“அழுதானா?” என்று கேட்டார்.

“இல்ல அம்மா,” என்றாள் ராகேல், துணியை முக்கிப் பிழிந்தபடி.

“பின்ன என்ன எளவு பழி வாங்கின?”

“மிச்சத்தைக் கோழி பாத்துக்கிடும். அந்தப் பக்கம் திரும்புங்க.”